நாரிஸ் அளித்த இரண்டு வாக்குகள்

(அரசியல் அறிவியல் துறை அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உட்கட்சிப் பூசலை நம் நாளிதழ்கள் வீட்டுச் சண்டை போலவே எழுதிப் பழகிவிட்டன. யார் யாருடைய வீட்டுக்குப் போனார், யார் படம் சுவரொட்டியில் விடுபட்டது, யார் மேடையில் யாருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை என்பதெல்லாம் முதல் பக்கத்துக்கு வந்துவிடும். அந்தப் பூசல் சட்டமன்றத்துக்குள் வரும்போது எந்த விதியின் கீழ் வருகிறது, எத்தனை வாக்குகளில் தீர்கிறது, தீர்ந்த பிறகு அவை முன்பைவிட வலுவடைந்ததா என்ற கேள்விகளைக் கேட்பவர் குறைவு. இன்று அந்தக் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்காக உங்களை 1910 மார்ச் மாதத்துக்கு, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே ஆளுங்கட்சியினரே தங்கள் சபாநாயகருக்கு எதிராக எழுந்தார்கள். அவரும் பதுங்கவில்லை. தன் நாற்காலியைத் தானே வாக்கெடுப்புக்கு வைத்தார்.

அவர் பெயர் ஜோசப் கேனன். 1836-இல் வட கரோலினாவில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். படித்து வழக்கறிஞராகி இலினாய் மாநிலத்தின் டேன்வில் நகரில் நிலைகொண்டார். 1872-இல் முதன்முறையாகப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1903-இல் சபாநாயகரானார். வாயில் எப்போதும் சுருட்டு, பேச்சில் கிராமத்து வாடை. நண்பர்களுக்கு அவர் 'ஜோ மாமா'. எதிரிகள் அவரை 'ஜார்' என்றார்கள், ரஷ்யச் சக்கரவர்த்தியை மனதில் வைத்து.

அமெரிக்கச் சபாநாயகர் நம் சபாநாயகரைப் போன்றவர் அல்லர் என்பதை மாணவர்கள் முதலில் மனதில் கொள்ள வேண்டும். கட்சி சாராத நடுவராக இருப்பதாக அவர் உறுதி சொல்வதில்லை. பெரும்பான்மைக் கட்சியின் தலைவராகவே அந்த இடத்தில் அமர்கிறார். கேனன் காலத்தில் அவர் கையில் மூன்று பிடிகள் இருந்தன. முதலாவது, எந்த உறுப்பினர் எந்தக் குழுவில் இருப்பார், எந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்பதை அவரே நியமித்தார். இரண்டாவது, அவையில் பேச எழுபவரை அவர் கண்டுகொண்டால்தான் பேச முடியும். எதற்காக எழுகிறார் என்று முன்கூட்டியே சபாநாயகர் அறைக்குப் போய்ச் சொல்லி இசைவு வாங்கியிருப்பது நல்லது என்ற நிலை இருந்தது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வலியது. எந்த மசோதா எப்போது, எவ்வளவு நேரம், எந்த நிபந்தனையோடு விவாதத்துக்கு வரும் என்று தீர்மானிக்கும் விதிகள் குழு ஐந்தே பேர் கொண்டது. அதன் தலைவர் சபாநாயகர். உடன் அவர் தேர்ந்தெடுத்த இருவர், எதிர்க்கட்சியினர் இருவர். மூவர் கூடி முடிவெடுத்தால் 391 பேர் கொண்ட அவையின் நிகழ்ச்சி நிரல் முடிந்துவிடும்.

இந்த அதிகாரங்களைக் கேனன் கண்டுபிடிக்கவில்லை. 1890-இல் தாமஸ் ரீட் சபாநாயகராக இருந்தபோதே அவை பெரும்பாலும் வடிவம் பெற்றுவிட்டன. அவைக்குள் உட்கார்ந்துகொண்டே, பெயர் கூப்பிடும்போது வாய் திறக்காமல் இருந்து, அவை நடக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) இல்லை என்று காட்டும் தந்திரத்தை ரீட் ஒரே தீர்ப்பில் முறித்தார். அதற்கு அப்போது தேவை இருந்தது. கேனன் அந்தச் சாட்டையை வாங்கித் தன் கட்சிக்காரர்கள்மீதே வீசினார். 1909-இல், தன்னை எதிர்த்த நியூ ஜெர்சி உறுப்பினர் சார்ல்ஸ் ஃபவுலரை வங்கிக் குழுவின் தலைமையிலிருந்து நீக்கினார். விஸ்கான்சின் உறுப்பினர் ஹென்றி கூப்பரும் தன் குழுத் தலைமையை இழந்தார். கட்சி கூடிப் பெரும்பான்மையாக ஒரு முடிவெடுத்தால் மற்றவர்கள் அடங்கிப் போக வேண்டும் என்பது கேனனின் உறுதியான நம்பிக்கை. அதை அவர் ஒளித்ததும் இல்லை. இந்த நேர்மையை அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

எதிர்த்தவர்கள் யார்? பெரும்பாலும் கேனனின் குடியரசுக் கட்சியையே சேர்ந்த மத்திய மேற்கு மாநில உறுப்பினர்கள். விஸ்கான்சின், மினசோட்டா, ஐயோவா, கன்சாஸ், நெப்ராஸ்கா. கோதுமையும் சோளமும் விளையும் ஊர்கள். ரயில் கட்டணமும் இறக்குமதி வரியும் தங்கள் விவசாயிகளை நசுக்குவதாக அவர்கள் கருதினார்கள். அதைத் திருத்தும் மசோதாக்கள் விதிகள் குழுவிலேயே புதைந்து கிடந்தன. அவர்களில் ஒருவர் ஜார்ஜ் நாரிஸ். நெப்ராஸ்காவின் மெக்குக் என்ற சிற்றூர்க்காரர், முன்பு மாவட்ட நீதிபதியாக இருந்தவர், கவர்ச்சியாகப் பேசத் தெரியாதவர். விதிகளை வரிவரியாகப் படிப்பதுதான் அவர் பலம். விதிகள் குழுவை மாற்றி அமைக்கும் தீர்மானம் ஒன்றை எழுதி, சட்டைப்பையில் நெடுநாள் வைத்துக்கொண்டு திரிந்தார். அவையில் கொடுத்தால் அது எங்கே போகும்? விதிகள் குழுவுக்கு. அதன் தலைவர் கேனன்.

கலகக்காரர்களுக்கு விலையும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு தொகுதியில் அஞ்சலகத் தலைவராக யாரை நியமிப்பது என்பதில் அந்தத் தொகுதியின் ஆளுங்கட்சி உறுப்பினர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஊரில் அவர் செல்வாக்கு அதில்தான் தெரியும். 1910 தொடக்கத்தில் அதிபர் டாஃப்டின் நிர்வாகம் இந்தப் பரிந்துரை உரிமையைக் கலகக்காரர்களிடமிருந்து நிறுத்தி வைத்தது. நாரிஸ் இதை எதிர்த்து அதிபருக்கே கடிதம் எழுதினார். ஆக, கட்சித் தலைமை, அதிபர் மாளிகை, சபாநாயகர் என மூன்று பக்கமும் அவர்களுக்கு வாசல் அடைபட்டிருந்தது.

மார்ச் 16, புதன்கிழமை. முந்தைய ஆண்டு கலகக்காரர்கள் போராடிப் பெற்ற ஒரு சிறு சலுகை, புதன்கிழமைகளில் குழுக்கள் வரிசைப்படி தங்கள் மசோதாக்களைக் கொண்டுவரலாம், வேறு அலுவல் குறுக்கிடக் கூடாது என்பது. அன்று இந்தியானா உறுப்பினர் எட்கர் கிரம்பேக்கர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றிய ஒரு தீர்மானத்தோடு எழுந்தார். கேனன் அனுமதித்தார். அவர் சொன்ன காரணம், பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பே கட்டளையிடுகிறது. ஆகவே அதற்கு முன்னுரிமை உண்டு. அவை அவர் தீர்ப்பை வாக்கெடுப்பில் நிராகரித்தது. மறுநாள் கிரம்பேக்கர் மீண்டும் எழுந்தார். இம்முறை கேள்வி அவையிடமே விடப்பட்டது. அரசியலமைப்பு முன்னுரிமை உண்டு என்று அவை ஏற்றுக்கொண்டது.

நாரிஸ் காத்திருந்த நொடி அதுதான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். அரசியலமைப்பு தரும் முன்னுரிமையோடு தானும் ஒரு தீர்மானம் கொண்டுவருவதாக அறிவித்தார். அவர் வாதம் எளியது. கணக்கெடுப்பை அரசியலமைப்பு சொல்கிறது என்பதால் அதற்கு முன்னுரிமை என்றால், ஒவ்வொரு சபையும் தன் விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பதையும் அதே அரசியலமைப்பு, முதல் ஷரத்தின் ஐந்தாம் பிரிவில் சொல்கிறது. அதற்கும் முன்னுரிமை உண்டு. சபாநாயகர் முந்தின நாள் சொன்ன காரணத்தையே சபாநாயகர்மீது திருப்பினார். விதியைக் கொண்டு விதியை வெல்லும் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். கூச்சல் இல்லை, வெளிநடப்பு இல்லை, மைக்கைப் பிடுங்குவது இல்லை. ஒரு தாள், ஒரு வாதம்.

பென்சில்வேனியா உறுப்பினர் ஜான் டால்செல் உடனே ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். கேனன் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. அன்று மார்ச் 17, ஐரிஷ் மக்கள் கொண்டாடும் புனித பேட்ரிக் திருநாள். கேனன் ஆதரவாளர்கள் பலர் ஊர்வலங்களுக்கும் விருந்துகளுக்கும் போயிருந்தார்கள். தீர்ப்புச் சொன்னால் மேல்முறையீடு வரும், வாக்கெடுப்பு வரும், அவையில் ஆள் இல்லை. எனவே ஒழுங்குப் பிரச்சினைமீது பேச அனுமதித்துக் காலம் கடத்தினார்கள். இருட்டியது, விடிந்தது, பேச்சு நிற்கவில்லை. அவைக் காவலர்கள் நகரெங்கும் உறுப்பினர்களைத் தேடி அழைத்துவந்தார்கள். பார்வையாளர் மாடம் நிரம்பி வழிந்தது. வெள்ளிக்கிழமை சமரசப் பேச்சு நடந்தது. கலகக்காரர்கள் பலவற்றில் இறங்கி வரத் தயாராக இருந்தார்கள். ஒன்றில் மட்டும் இறங்கவில்லை. விதிகள் குழுவில் சபாநாயகர் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை, மார்ச் 19. கேனன் தீர்ப்பளித்தார்: நாரிஸ் தீர்மானம் ஒழுங்குக்கு உட்பட்டது அல்ல. மேல்முறையீடு. அவை அவரைத் தோற்கடித்தது. அடுத்து, நாரிஸ் திருத்திக் கொடுத்த தீர்மானம்: குழுவில் இனி பத்துப் பேர், அவர்களை அவையே தேர்ந்தெடுக்கும், சபாநாயகர் அதில் உறுப்பினராக முடியாது. 191 பேர் ஆதரவு, 156 பேர் எதிர்ப்பு. ஆளுங்கட்சியின் நாற்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்திருந்தார்கள்.

இங்கே நின்றிருந்தால் இது ஒரு சாதாரணத் தோல்வி. கேனன் எழுந்து பேசினார். தன் முன்னால் இரண்டு வழிகள் உண்டு என்றார். பதவி விலகலாம், ஆனால் அது தான் தவறு செய்ததாக ஒப்புக்கொள்வதாகும், அதைச் செய்யமாட்டேன். அல்லது, சபாநாயகர் பதவி காலியானது என்று எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டுவரலாம். அதை இப்போதே எடுத்துக்கொள்ளத் தயார். கட்சிக்கு ஒருமித்த பெரும்பான்மை இல்லை, உண்மையான பெரும்பான்மை யாரிடம் உண்டோ அவர்கள் துணிந்து முடிவெடுக்கட்டும் என்பது அவர் பேச்சின் சாரம். டெக்சாஸின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஆல்பர்ட் பர்லசன் உடனே தீர்மானத்தைக் கொடுத்தார். கேனன் மரச்சுத்தியலை நியூயார்க்கின் செரீனோ பெய்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். அவையில் அமளி. வாக்கெடுப்பு நடந்தது. பதவி காலி என்றவர்கள் 155. கூடாது என்றவர்கள் 192.

சற்றுமுன் கேனனின் அதிகாரத்தைப் பறித்த கலகக்காரர்களில் பெரும்பாலோர் அவர் நாற்காலியைக் காப்பாற்றினார்கள். நாரிஸும் காப்பாற்றினார். ஒரே நாள், ஒரே கை, ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இரண்டு வாக்குகள்.

இதற்குக் கணக்கும் உண்டு, கொள்கையும் உண்டு. நாற்காலி காலியானால் ஜனநாயகக் கட்சியின் சேம்ப் கிளார்க் சபாநாயகராகும் வாய்ப்பு இருந்தது. ஊர் திரும்பிக் கட்சி வாக்காளர்களைச் சந்திக்க வேண்டிய குடியரசுக் கட்சிக்காரர்களால் அதைத் தாங்க முடியாது. கேனனுக்கும் இது தெரியும். கலகக்காரர்களை வெளிச்சத்தில் நிறுத்தவே அவர் அந்தச் சவாலை விட்டார். இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. தங்கள் சண்டை முறையோடு, மனிதரோடு அல்ல என்று நாரிஸ் குழுவினர் அதுவரை சொல்லிவந்ததை அந்த இரண்டாவது வாக்கில் மெய்ப்பித்தார்கள். கேனனும், அதிகாரம் போனபின் நாற்காலியைப் பிடித்துத் தொங்காமல், எனக்கு இன்னும் உங்கள் நம்பிக்கை உண்டா என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். தலைவரின் அதிகாரமும் தலைவரின் பதவியும் வேறு வேறு என்று அந்த அவை அன்று பிரித்துப் பார்த்தது. உட்கட்சிப் பூசல் ஒரு சபைக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுவென்பது என் கருத்து.

அடுத்த வாக்கெடுப்பு வாக்காளர்களிடம். 1910 நவம்பரில் குடியரசுக் கட்சி சபையின் பெரும்பான்மையை இழந்தது. கேனனின் பெயர் நாடெங்கும் பிரசாரப் பொருளானது. ஆனால் டேன்வில் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1911-இல் கிளார்க் சபாநாயகரானார். குழு நியமன உரிமையும் சபாநாயகரிடமிருந்து போயிற்று. 1912-இல் டாஃப்டும் முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டும் மோதிக் கட்சி இரண்டாகப் பிளந்தபோது, ஜனநாயகக் கட்சியின் ஃபிராங்க் ஓஹேரிடம் கேனன் தோற்றார். வயது 76. எல்லோரும் முடிந்தது என்றார்கள். 1914-இல் மீண்டும் நின்று வென்று வந்தார். 1923 மார்ச் வரை சாதாரண உறுப்பினராக இருந்தார். அந்த மாதம் வெளிவந்த டைம் பத்திரிகையின் முதல் இதழ் அட்டையில் இருப்பது அவர் முகம்தான். நாரிஸ் செனட்டரானார், முப்பதாண்டு அங்கே இருந்தார். கட்சிச் சின்னம் இல்லாமல் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒற்றை அவையை நெப்ராஸ்காவுக்குப் பெற்றுத் தந்தவர் அவரே. 1942-இல் மறுதேர்தலில் அவரும் தோற்றார்.

1910-இல் தோற்ற அந்தப் பதவி நீக்கத் தீர்மானம் 113 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாக வென்றது. கெவின் மெக்கார்த்தி 2023 ஜனவரியில் பதினைந்தாவது சுற்று வாக்கெடுப்பில்தான் சபாநாயகரானார். தன் கட்சி அதிருப்தியாளர்களை வளைக்க, ஒரே ஒரு உறுப்பினர் நினைத்தாலும் நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஒப்புக்கொண்டார். அக்டோபர் 3 அன்று 216-க்கு 210 என்று நீக்கப்பட்டார். ஆளுங்கட்சியின் எட்டுப் பேர் போதுமானவர்களாக இருந்தார்கள். மூன்று வாரம் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. அந்த எட்டுப் பேர் மாற்ற விரும்பிய விதி எது என்று கேட்டால், நாரிஸைப் போல எடுத்து நீட்ட அவர்களிடம் ஒரு தாள் இல்லை. நாற்காலியில் ஆள் மாறினார். அதைச் சுற்றியிருந்த முறை அப்படியே இருந்தது.

இனி நம் பக்கம் வருகிறேன். நாரிஸ் நம் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1985-இல் 52-ஆவது திருத்தம் கொண்டுவந்த பத்தாவது அட்டவணை, கட்சிக் கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவி போகும் என்கிறது. நாரிஸின் முதல் வாக்கோடு அவர் பதவி போயிருக்கும். அதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் யார்? சபாநாயகர். அதாவது கேனன். அலுவல் ஆய்வுக் குழுவுக்கும் விதிகள் குழுவுக்கும் மக்களவையில் தலைவர் சபாநாயகரே. 1910-இல் அமெரிக்கர்கள் பிரித்ததை நாம் இன்னும் ஒரே கையில் வைத்திருக்கிறோம். அதன்மேல் நீதிபதி பதவியையும் சேர்த்திருக்கிறோம்.

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. 2017-இல் தமிழ்நாட்டில் ஆளுங்கட்சியின் உறுப்பினர்கள் சிலர் ஆளுநரைச் சந்தித்து, முதல்வர்மீது தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். கட்சியை எதிர்க்கவில்லை, அரசைக் கவிழ்க்கவில்லை, தலைவரை மாற்றத்தான் கேட்கிறோம் என்பது அவர்கள் வாதம். செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் தனபால் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். அந்தப் பதினெட்டுப் பேரின் நோக்கம் நல்லதா கெட்டதா என்பதில் நான் நுழையவில்லை. தலைவரையும் கட்சியையும் பிரித்துப் பார்க்க நம் சட்டத்தில் இடமே இல்லை என்பதுதான் நான் கவனிக்கச் சொல்வது. பணத்துக்கும் பதவிக்கும் கட்சி மாறியதைத் தடுக்க வந்த சட்டம் அது. அந்தத் தேவையை நான் மறுக்கவில்லை. தடுக்கப் போய்க் கட்சிக்குள் மாறுபடுபவரையும் அதே வலையில் போட்டது.

சட்டம் இல்லாத காலம் மேலானது என்றும் நான் சொல்லமாட்டேன். 1972-இல் திமுக உடைந்தபோது பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன், கட்சியைத் தொடங்கிய ஐம்பெரும் தலைவர்களில் ஒருவர், எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்தார். டிசம்பர் 2 அன்று அவர் மேடையில் தன் ஆசனத்தில் அமர்ந்து அவையை நடத்த, துணைத் தலைவர் பெ. சீனிவாசன் கீழே தனி நாற்காலி போட்டு அதே நேரத்தில் அதே அவையை நடத்தினார். இருவர் அழைப்பது, இருவர் தீர்ப்பளிப்பது. மதியழகன் பதவி இழந்தார். அரசியலமைப்பின் 181-ஆவது ஷரத்து, தன்னை நீக்கும் தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது பேரவைத் தலைவர் தலைமை வகிக்கக் கூடாது என்கிறது. அதே நேரத்தில் அவர் பேசவும் வாக்களிக்கவும் உரிமை தருகிறது. கேனன் மரச்சுத்தியலைப் பெய்னிடம் கொடுத்து இறங்கியதை நம் அரசியலமைப்பு விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அன்று அந்த விதிக்கு முன் நின்ற மனிதர்கள் இரு பக்கமும் பொறுமை இழந்துவிட்டார்கள்.

என்ன செய்யலாம்? புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகம் இல்லை. 1990-இல் தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு, கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்ற விதியை நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதி மசோதா போன்ற, அரசின் ஆயுள் சம்பந்தப்பட்ட சிலவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. தகுதிநீக்கத்தைச் சபாநாயகர் தீர்மானிக்க வேண்டாம், தேர்தல் ஆணையத்தின் ஆலோசனைப்படி குடியரசுத் தலைவரோ ஆளுநரோ தீர்மானிக்கட்டும் என்றது. 1992-இல் கிஹோட்டோ ஹோலோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கொறடாவின் வரம்பு குறுகியதாக இருக்க வேண்டும் என்ற கருத்தையே வெளியிட்டது. நீர்ப்பாசனத்தைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ ஒரு மசோதா வரும்போது, தன் தொகுதிக்கு அது ஆகாது என்று ஆளுங்கட்சி உறுப்பினர் எழுந்து வாக்களிக்க அதன்பின் வழி கிடைக்கும். அரசும் விழாது.

இந்தத் துறையின் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பேரவையின் நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன, நூலகங்களில் கிடைக்கின்றன. 1952 முதல் 1985 வரை பெயர் கூப்பிட்டு நடந்த வாக்கெடுப்புகளையும், 1985-க்குப் பிந்தையவற்றையும் எடுத்து, ஆளுங்கட்சி உறுப்பினர் தன் கட்சியின் மசோதாவுக்கு எதிராக வாக்களித்த ஒவ்வொரு இடத்தையும் பட்டியலிடுங்கள். அவர் பேசிய பேச்சைப் படியுங்கள். அடுத்த தேர்தலில் அவருக்கு மறுபடி சீட்டு கிடைத்ததா, நின்றாரா, வென்றாரா என்று பாருங்கள். அந்தப் பட்டியலை நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கும் எல்லாக் கட்சி அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள்.